மண் முடியுமுன் தண்ணீர்

கொஸ்தெனிய தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
2025 மார்ச் 4

அக்கா,

அரநாயக்கப் பக்கம் மலை சரிந்த வருஷம் அது. தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டு மறுநாள். ரேடியோவில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெசாக்குக்கு நாலு நாள் இருந்தது. பஜாரில் வெசாக் விளக்குக் கூடு கட்டப் பிளந்து வைத்த மூங்கிலெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. வைகாசி முதல் செவ்வாய். அந்த நாளைப் பற்றித்தான் பேச வருகிறேன். ஒன்பது வருஷம் வாய் திறக்காதவன் எடுத்த எடுப்பில் இதைத் தொடுகிறானே என்று முகத்தைத் திருப்புவாய். திருப்பிக்கொண்டாவது வாசி.

முதலில் உன் மகள் விஜயகலாவுக்குத்தான் போன் போட்டேன். "அம்மாவுக்குக் காது சுத்தமாக் கேக்குறதில்ல மாமா. போன்ல கத்தினா எம்பிலிப்பிட்டிய டவுனுக்கே கேக்கும், அம்மாவுக்கு மட்டும் கேக்காது. எழுதிப் போடுங்க, கண்ணு நல்லா இருக்கு" என்றாள். எனக்கு எழுத்து ஏது. நீ ஐந்தாம் வகுப்பு வரை போனாய், நான் துரை பங்களா மாட்டோடு போனேன். பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நிலாம் தம்பி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நோன்பு நாள், நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார். "எழுதுறவனுக்கு வெளங்காம எப்படிண்ணே எழுதுறது?" என்று கேட்கிறார். அதனால் உனக்குத் தெரிந்ததையே அவருக்காக ஒரு தரம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

இந்தியாவிலிருந்து வந்த பண்டாரம் எங்கள் ஐந்து பேர் காதிலும் ஆளுக்கு ஒரு மந்திரம் சொல்லிவிட்டுப் போனது. பலாமரத்தடியில் உன் வீட்டுக்காரர் நாகலிங்கம் அத்தான், மண்ணுக்கு லம். ஓடைக் கல்லில் நான், தண்ணீருக்கு வம். கோயில் அடுப்படியில் தம்பையா, நெருப்புக்கு ரம். மேட்டுப் பாறையில் பிச்சமுத்து, காற்றுக்கு யம். வெட்டவெளியில் சின்னக்கண்ணு, ஆகாயத்துக்கு ஹம். ஊர் மண்ணைக் காக்க, பெரிய மழை பிடிக்குமுன் வருஷத்துக்கு ஒரு நாள். ஆளுக்கு ஒரு டின்னில் நூற்றெட்டு ரப்பர் கொட்டை. ஒரு தரம் சொன்னால் ஒரு கொட்டை சிரட்டைக்குப் போகும். டின் காலியானதும் எழுந்து வந்து, பலாமரத்தில் தொங்கும், முன்பு வேலைக்கு ஆள் கூப்பிட அடித்த பழைய பிரட்டு மணியை அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் அடுத்தவன் வாய் திறக்கலாம். சொல்லிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது, பெண்கள் கோயில் படியைத் தாண்டக் கூடாது. மண் இறுகிய பிறகுதான் தண்ணீரைக் கூப்பிட வேண்டும், முந்தினால் தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது பண்டாரத்தின் பேச்சு.

அன்று என் டின்னில் பதினோரு கொட்டை மிச்சம் இருந்தபோது மேல் லயத்து வீட்டு வரிசையின் மேல் மலை வந்தது. பின்னேரம் நாலேகால். ஏழு பேர். அதில் அத்தான் ஒருத்தர்.

மூன்றாம் நாள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஏழு பெட்டியும் வரிசையாக இருந்தபோது நீ எழுந்து நின்று என்னைக் காட்டிச் சொன்னாய்: "மணியே அடிக்கல. மண்ணு முடியுமுன்ன இவன் தண்ணியக் கூப்பிட்டான்." அதோடு நீ எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டாய். நான் இங்கே இருந்தேன்.

இப்போது புதுக் கோயில் எழுந்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வைகாசி முதல் செவ்வாய், மே 20, மறுபடி ஐந்தையும் சொல்லப் போகிறார்கள். கமிட்டித் தலைவர் நம்ம சசி, திரீவீலர் ஓட்டுகிறவன். அவன் அம்மாவும் அந்த ஏழு பேரில் ஒருத்தி என்பது உனக்குத் தெரியும். "ஓடையில நான்தானே உக்காரணும்" என்று கேட்டேன். "உங்க அக்கா வாயால வந்த பழி, அவங்க வாயாலதான் போகணும். அது போகாம அந்தக் கல்லுல உங்கள உக்கார வைக்க ஏலாது மாமா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு எழுபத்தாறு. இன்னொரு வைகாசி வருமோ தெரியாது. மணி அடித்தது அக்கா. அதை மட்டும் உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பி ஏழுமலை


எம்பிலிப்பிட்டிய
2025 மார்ச் 18

ஏழுமலைக்கு,

கடிதம் வந்தது. நிலாம் தம்பியின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. விஷயம் நன்றாக இல்லை.

ஒரு வரி கேட்கிறாய். அந்த ஒரு வரியை நான் எழுதினால், ஏழு பெட்டிக்கு முன்னால் நின்று நான் சொன்னது பொய்யாகிவிடும். தாலி கழற்றுமுன் எவளாவது பொய் சொல்வாளா?

நீ சின்னதிலிருந்தே அவசரக்காரன். சோறு வடிக்குமுன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாய். அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஆரம்பித்துவிட்டாய். அவ்வளவுதான்.

மணி அடித்தது உண்மையென்றால் அது உன் காதில் மட்டுமா விழும்? அடுப்படியில் தம்பையா இருந்தார். பிச்சமுத்து இருந்தார், சின்னக்கண்ணு இருந்தார். அவர்களைச் சசியிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்லச் சொல். புருஷனைக் கொடுத்தவளிடம் வந்து கேட்காதே.

விஜயகலாவின் மகள் மதுஷா பெரிய படிப்புப் படிக்கிறாள். லயத்துக்குப் பின்னால் ரோடு போட மலையை வெட்டியதுதான் காரணம் பாட்டி என்று பேப்பரில் படம் வரைந்து காட்டினாள். இருக்கலாம். ரோடு வெட்டினார்கள் என்பதால் நீ முந்தவில்லை என்று ஆகிவிடாது.

இனி எழுத வேண்டாம்.

இராஜம்


கொஸ்தெனிய தோட்டம்
2025 ஏப்ரல் 2

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். பெருநாள் முடிந்து நிலாம் தம்பி கடை திறந்த அன்றே வந்து உட்கார்ந்துவிட்டேன். வட்டிலாப்பம் வைத்திருந்து கொடுத்தார். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். "ரெண்டாவது தரம் மாறுமாண்ணே?" என்றார்.

நீ சொன்ன சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம். தம்பையா கொரோனா முதல் வருஷம் போனான், பெட்டியைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. சின்னக்கண்ணு பெட்ரோல் வரிசை இருந்த வருஷம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை. சசியின் திரீவீலர் ரம்புக்கனையில் மூன்றாம் நாளாக வரிசையில் நின்றது. பிச்சமுத்து போன வருஷம், ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு. ஓட்டுச்சீட்டு அட்டை தலைமாட்டில் இருந்தது. உனக்கு யாரும் சொல்லவில்லையா? விஜயகலாவிடம் சொன்னேனே.

அவர்கள் உயிரோடு இருந்தபோது கேட்டேன். தம்பையா, மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றான். சின்னக்கண்ணு, "கேட்ட மாதிரியும் இருந்துச்சு, கேக்காத மாதிரியும் இருந்துச்சு" என்றான். பிச்சமுத்து மட்டும் வெளிப்படையாகப் பேசினான். "கேட்டுச்சுடா. ஆனா புருஷன எழந்தவ நிக்கிறா, நா எப்புடி எந்திரிச்சு இல்லேன்னு சொல்றது. நீ தாங்குவ" என்றான். தாங்கினேன்.

எப்படித் தாங்கினேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் கையால் தோட்டத்தில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. உன் பேச்சுக்குப் பிறகு தானாக வந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் இலை போடச் சொல்வார்கள், சோறு பரிமாறச் சொல்வார்கள், தண்ணீர்ச் செம்பை மட்டும் வேறொருவர் கையில் கொடுப்பார்கள். சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்ட நான் எட்டிப் பார்த்தால், "நீங்க உக்காருங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். என் பெண்சாதி அழகம்மா போனபோது அவளுக்கு நான் ஊற்றினேன். அது ஒன்றுதான்.

மேல் லயத்து ஆட்களுக்கெல்லாம் ரோட்டோரம் புது வீடு கொடுத்துவிட்டார்கள். பழைய லயத்தில் பத்துக் காம்பரா, நான் ஒருத்தன். பக்கத்துக் காம்பராவில் ஆடு கட்டியிருக்கிறார்கள். பின்னேரமானால் கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு என்னுடையதைச் சொல்வேன். பிறகு அவர்களுடையதையும் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். அடுத்தவருடையதைச் சொல்லக் கூடாதுதான். சொன்னால் அவர்கள் குரல் வருகிறது, அதற்காக.

சசி போனில் எடுத்துக் காட்டினான். "இதுலயே அஞ்சும் இருக்கு மாமா, ஸ்பீக்கர்ல போட்டா முடிஞ்சது." கேட்டேன். ஒருத்தரே அஞ்சையும் சொல்கிறார். மூச்சுகூட வாங்கவில்லை. "மணி எங்கடா?" என்றேன். "மணி வேணுமா, அதையும் டவுன்லோட் பண்ணலாம்" என்றான். சிரித்துவிட்டோம் இரண்டு பேரும். அவனோடு சிரித்து எத்தனை வருஷம்.

மணி அடித்தது அக்கா. அடித்தது என்பது மட்டுமில்லை, எப்படி அடித்தது என்பதும் என் காதில் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கும் சொல்ல வேண்டாம் என்றே இருந்தேன்.

ஏழுமலை


எம்பிலிப்பிட்டிய
2025 ஏப்ரல் 17

ஏழுமலைக்கு,

மூன்று பேரும் போன விஷயம் எனக்குத் தெரியாது. விஜயகலா சொல்லியிருப்பாள், எனக்குக் கேட்டிருக்காது. கேட்காவிட்டாலும் தலையாட்டி வைப்பேன், அது பழகிவிட்டது. இந்த வீட்டில் எனக்கு எல்லாமே சரிதான்.

வருஷப் பிறப்புக்கு மருமகனின் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கதிர்காமம் போனார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கே எங்கே பார்த்தாலும் தட்டை நிலம். வெயில் வந்து வாசலில் உட்கார்ந்தால் எழுந்து போவதே இல்லை. முதலில் இதுதான் நிம்மதி என்று நினைத்தேன், தலைக்கு மேலே எதுவும் இல்லை என்று. இப்போது காதிலும் எதுவும் இல்லை. பஸ் போவது தெரியும், சத்தம் தெரியாது.

நீ தண்ணீர் பற்றி எழுதியதை வாசித்தேன். எனக்கு அது தெரியாது. அப்படி ஆகும் என்று நினைத்து நான் சொல்லவில்லை.

அழகம்மாவுக்கு நான் வராதது தப்பு. வாகனம் பேசி, சேலை உடுத்தி, படியிறங்கி நின்றேன். பிறகு திரும்ப உள்ளே போய்விட்டேன்.

மணி எப்படி அடித்தது என்று எழுதியிருக்கிறாய். அதென்ன, மணி எப்படி அடிக்கும், மணி மாதிரித்தான் அடிக்கும். மழையில் உனக்கு என்ன கேட்டதோ. சும்மா மிரட்டுவதற்காக எழுதினாயா?

எப்படி அடித்தது என்று எழுது.

இராஜம்


கொஸ்தெனிய தோட்டம்
2025 ஏப்ரல் 25

அக்கா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நிலாம் தம்பி கடையின் முன்பலகையைப் பாதி சாத்திவிட்டு எழுதுகிறார்.

அத்தான் இருபத்தெட்டு வருஷம் அந்த மணியை அடித்தார். அத்தனை வருஷமும் நான் ஓடையில் அதற்காகக் காத்திருந்தவன். அவர் கட்டையை எடுத்து, முதலில் ஒன்று. அது முழுக்க அடங்கும் வரை நிற்பார். பிறகு இன்னொன்று. இரண்டோடு சரி. அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதும் அப்படித்தான், கத்தியை வைத்துவிட்டு ஒரு மூச்சு நின்று பிறகுதான் இழுப்பார். பட்டை ஒரு இடத்திலும் காயப்படாது.

அன்று மூன்று அடி விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்று. முதலாவது அடங்குமுன் இரண்டாவது, இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டு மூன்றாவது. மூன்றாவது சரியாக விழவில்லை, ஓரத்தில் பட்டது. பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிடத் தகரத்தைத் தட்டுவார்களே, அந்த மாதிரி.

அது அத்தான் கை இல்லை.

இதைத்தான் ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால், யார் கை என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள். எனக்கு வேண்டியது அடித்தது என்ற ஒரு வரி மட்டும். யார் என்று நீ எழுத வேண்டாம்.

மே 18 ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. அன்று முடிவு செய்துவிடுவார்கள். நான் இல்லையென்றால் கேகாலையிலிருந்து ஒரு குருக்களை ஏற்பாடு பண்ணுகிறார்களாம். நல்ல மனுஷர் என்கிறார்கள். அவருக்கு எங்கள் ஓடையைத் தெரியாது.

ஏழுமலை


எம்பிலிப்பிட்டிய
2025 மே 8

தம்பி,

இதை நிலாம் தம்பிதான் உனக்கு வாசிப்பார். வாசிக்கட்டும். யாரோ ஒருத்தர் காதில் இது விழத்தான் வேண்டும்.

நான் அன்றைக்குக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். காற்று ஏறியதும் வீடு என்ன ஆயிற்றோ என்று மேல் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்படித் தகரம் கிளம்பி, அரிசி மூட்டையின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் உன் அத்தான் அதை வாங்கி வந்து இறக்கினார். தகரத்தை இழுத்துப் பிடிக்க எனக்கு எட்டவில்லை. இறங்கி வந்தேன். படியைத் தாண்டக் கூடாது என்று தெரியும். தாண்டினேன். மரத்துக்குப் பின்பக்கமாகப் போனதால் யாரும் பார்க்கவில்லை.

"அரிசி நனையுது, செத்த வாங்க" என்றேன். அவர் வாயை நிறுத்தாமல் டின்னைக் காட்டினார். பாதிக்கு மேல் இருந்தது. இன்னொரு தரம் சொன்னேன். தலையாட்டினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஊரு மண்ணக் காக்குறவருக்கு வீட்டு அரிசி கண்ணுக்குத் தெரியுமா" என்றேன். அந்தப் பேச்சுக்குத்தான் எழுந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு பேச்சுக்காக எழுந்தது அன்றைக்குத்தான்.

போகும்போது சொன்னார்: "இங்கனயே இரு. மணிய யாரும் தொடாமப் பாத்துக்க. தகரத்தக் கட்டிட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன்."

நான் இருந்தேன். மழை வலுத்தது. அவர் வரவில்லை. தம்பையாவின் தலை அடுப்படியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. மரத்தடியில் ஆள் இல்லை, பெண்சாதி நிற்கிறாள் என்றால் என்ன பேசுவார்கள்? பயம் வந்துவிட்டது. டின்னில் இருந்ததை அப்படியே சிரட்டையில் கவிழ்த்தேன். கட்டையை எடுத்தேன். எத்தனை அடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நீ மூன்று என்கிறாய், மூன்றாகத்தான் இருக்கும். பிறகு கீழே ஓடையிலிருந்து உன் குரல் வந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படித்தான் இருந்தது, தம்பி.

அவர் மணியைத் தொடாதே என்றார். தொடாமல் இருந்திருந்தால் நீ பேசாமல் உட்கார்ந்திருப்பாய். நான் படி தாண்டாமல் இருந்திருந்தால் அவர் மரத்தடியில் இருந்திருப்பார். பலாமரத்திலிருந்து ஒரு இலைகூட விழவில்லையே.

இது என் தலையில் விழுந்திருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன். யார் மேலாவது போட வேண்டியிருந்தது. நீ எதிரில் நின்றாய். தம்பிதானே என்று போட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அது உன் அத்தான் கை இல்லை என்று உனக்கு அப்போதே தெரியும் என்கிறாய். தெரிந்தும் ஏன் ஆரம்பித்தாய்?

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சசி எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். முழுக்க வாசிக்க வேண்டும். மணி அடித்தது என்று பாதியை மட்டும் வாசிப்பதானால் வேண்டாம். பாதியைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

அக்கா


கொஸ்தெனிய தோட்டம்
2025 மே 22

அக்கா,

உன் கடிதத்தை நிலாம் தம்பி வாசித்து முடித்துவிட்டு வெகுநேரம் மருந்துப் பெட்டிகளை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் இருபது வருஷமா மருந்துக்கடைக்காரன். யாருக்கு என்ன வருத்தமுன்னு வெளியில சொன்னதில்ல" என்றார். அதனால் அந்தப் பக்கம் நீ பயப்பட வேண்டாம்.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். நல்லபடியாக நடந்தது. புதுக் கோயில் வாசலில் பந்தல். கேகாலைக் குருக்கள் ஐந்து கும்பம் வைத்து, ஐந்தையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மைக்கில் சொன்னார். குரல் வெண்கலம் மாதிரி. ஏழு பேர் பெயர் வெட்டிய கல்லுக்கு மாலை போட்டார்கள். அத்தான் பெயர் முதலில் இருக்கிறது. சசியும் மற்ற பிள்ளைகளும் விழுந்து கும்பிட்டார்கள். நான் பந்தலுக்குள் போகவில்லை. லயத்தில் என் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர் அதுவரை கேட்டது. தண்ணீர் முறை வந்தபோது எனக்கு வாய் அசைந்தது. மூடிக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குக் குளிரில் உடம்பு விறைத்துப்போயிருந்தது. இடுப்பு வரை ஓடைத் தண்ணீர். மூன்று அடி விழுந்ததும் இது அத்தான் இல்லையே என்று மனசில் பட்டது. எழுந்து பத்து எட்டு மேலே வந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் இன்னும் நேரம் ஆகும். மணி மணிதானே, முடிந்தால் சரி என்று வாயைத் திறந்துவிட்டேன். சோறு வடிக்குமுன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவேன் என்று எழுதினாயே, அது சரிதான். நீ பெட்டிகளுக்கு முன்னால் நின்று சொன்னதில் மணி அடிக்கவில்லை என்பது மட்டும்தான் பொய். மண் முடியுமுன் நான் கூப்பிட்டது உண்மை. அதனால்தான் அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. நீ என்னை விட்டுக்கொடுத்தாய் என்று ஊர் நினைத்தது. நீ சொன்னது எனக்கு உறைத்தது, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய தாள் என்னிடம்தான் இருக்கிறது. இனி சசிக்கு நீ வேறு தாள் எழுதக் கூடாது. எழுதினால், நீ சொன்னபடி முழுக்க வாசிப்பார்கள். வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஒன்பது வருஷம் அதற்குள் இருந்தவன் நான். என் கையிலிருந்து தண்ணீர் வாங்காதவர்கள் உன் பெயரைச் சொல்லி என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார். அத்தான் பெயர் கல்லில் இருக்கிறது. பாதியில் எழுந்து போனவர் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அந்தக் கல்லை யார் கும்பிடுவார்கள்? எனக்கு இது பழகிவிட்டது. புதிதாக ஒருத்தருக்குப் பழக்க வேண்டாம்.

அரிசிக்காகக் கூப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வீட்டுக்காரரை வீட்டுக்காரி வேறு எதற்குக் கூப்பிடுவாள்? கூப்பிட்டாய், வந்தார். என்னைத் திட்டி அடக்கி வைத்திருந்த அழுகையை இனி அவருக்காக அழு. நான் இங்கிருந்து அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு உன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். போகும்வரை கொடுப்பதாகத்தான் இருந்தேன். அதை உனக்கு மறைக்கவில்லை. அந்தக் கல்லில் உட்கார வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. கோயிலில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருந்தார்கள். சசி பாயை விரித்து எனக்கு இடம் போட்டான்.

"அக்காகிட்டருந்து ஏதும் வந்துச்சா மாமா?"

"இல்லப்பா" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு அதுவே சரியாக இருந்தது. "வராது. அவ சொன்னது சரிதான். நாந்தான் முந்திட்டேன்."

சசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைத் தோண்டி எடுத்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயசு, நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நீங்க இத்தன வருஷம் ஒத்துக்கல. இப்ப ஒத்துக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல மாமா. அன்னைக்கு மந்திரம் சொன்ன எடத்துல, மரத்தடியில, யார் யாரெல்லாம் இருந்தாங்க? இன்னும் உசுரோட ஒருத்தர் இருந்தாலும் சொல்லுங்க. எந்த ஊர்ல இருந்தாலும் நா போயி நேர்ல கேட்டுட்டு வர்றேன். எங்கம்மாவுக்காக."

நான் விரலை மடக்கினேன். நாகலிங்கம், மலை கொண்டுபோயிற்று. தம்பையா, கொரோனாவில். சின்னக்கண்ணு, பெட்ரோல் வரிசையில். பிச்சமுத்து, தேர்தலுக்கு முந்திய ஞாயிறு.

"நாலு பேரும் போயிட்டாங்கள்ல. மிச்சம் யாரு மாமா, வேற யாருமே இல்லையா?"

"ஏழுமலை" என்றேன். "ஏழுமலை ஒருத்தன்தான்."